ஹோபாவுக்குப் பதில் சொன்ன மலை

எஹலியகொடையில் பஸ் ஏறி, கொண்டக்டரிடம் ஹல்கஹவத்த என்று சொன்னால் ஒரு இறப்பர்த் தோட்டத்து வாசலில் இறக்கிவிடுவான். வாசலில் நிற்கும் பலகையில் கிளென்ஆர்டன் என்று எழுதியிருக்கும். உள்ளே லயங்களில் குடியிருக்கும் தொழிலாளிகளைக் கேட்டால் இது மூணுபாலத்துத் தோட்டம் என்பார்கள். பாலங்களில் ஒன்றுதான் மிச்சம். பெயர் மட்டும் மூன்றோடு நிற்கிறது. எது சரியான பெயர் என்று அங்கே யாரும் சண்டை போட்டதில்லை. யாரிடம் பேசுகிறோமோ அவர்களுக்குரிய பெயரைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

விஜயகலா பால் வெட்டிய மரங்கள் அந்தத் தோட்டத்தின் உச்சியில் இருந்தன. 2002ஆம் ஆண்டு, சண்டை நின்று சனங்கள் பயமில்லாமல் பஸ் ஏறத் தொடங்கிய வருடம், அவளுக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். அவளுடைய மரங்களுக்கு நடுவே ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் சிவனொளிபாத மலைப் பக்கம் மேகம் திரளுவது மற்ற எவருக்கும் முன்பு தெரிந்துவிடும். விடியலில் பட்டையைக் கீறிச் சிரட்டையைக் கட்டிவிட்டால், பால் சொட்டிச் சொட்டி நிறைய நேரமெடுக்கும். அதற்குள் மழை விழுந்தால் அன்றைய பாடெல்லாம் தண்ணீரோடு மண்ணுக்குள் போய்விடும். ஆகவே மேகத்தைக் கண்டதும் விஜயகலா பாறையில் ஏறிக் கூப்பிடுவாள்.

மழை என்று மட்டும் சொல்லமாட்டாள். மலையில் நின்று அந்தச் சொல்லைக் கத்தினால் வராத மழையும் வந்துவிடும் என்பது அங்கே நம்பிக்கை. ஆட்களின் பெயரைத்தான் கூப்பிடுவாள், ஒருவர் பின் ஒருவராக, அதற்கென்றே இருந்த ஓர் இழுவையில். முதலெழுத்தை அழுத்தி, கடைசியைக் காற்றில் விட்டு, "கருப்பாயீ...ஈ...ஈ..." என்பாள். அடுத்த சரிவிலிருந்து "ஓ...!" என்று பதில் வரும். பதில் சொன்ன வாயை மூடுவதற்குள் அந்த ஆள் வாளியோடு சிரட்டைகளைத் தேடி ஓடிக்கொண்டிருப்பார். இப்படி மலை முழுவதையும் தன் குரலால் ஓடவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, மனதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒருநாளாவது மைக்கில் பேச வேண்டும்.

தோட்டத்து மைக் கஜேந்திரனிடம் இருந்தது. அவர் கோயில் கமிட்டித் தலைவர். அத்தோடு கஜேந்திரன் சவுண்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களுக்கும் ஒரு அம்பிளிபயருக்கும் சொந்தக்காரர். சித்திரைத் திருவிழாவில் உபயகாரர் பெயர்களை அவர்தான் வாசிப்பார். வாசிப்பார் என்பதைவிட மெல்லுவார் என்பது பொருத்தம். வருடம் முழுக்கச் சேர்த்து உபயம் செய்த மனிதன், தன் பெயர் வந்ததா போனதா என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்ப்பான்.

"அண்ணே, ஒரு தடவ நான் சொல்லிப் பாக்கவா?" என்று விஜயகலா ஒருமுறை கேட்டாள்.

"பொம்பளக் கொரலு மைக்குக்கு ஒத்துக்காது புள்ள. கீச்சுன்னு கத்தும். நான் சொல்லல, அது சைன்ஸ்."

அவள் புருஷன் ராமச்சந்திரன் பால் ஸ்டோரில் தராசடியில் நிற்பவன். அன்றிரவு அவன், "சைன்ஸ்தான் சொல்லிருச்சே, விட்டுரு. ஒனக்கு மலை இருக்கு, அவருக்கு மைக்காவது இருக்கட்டும்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆசை போகவில்லை.

அந்த ஆண்டின் நடுவில் ஒருநாள், மஹ்ரூப் என்ற இரத்தினபுரி மாணிக்க வியாபாரி தோட்டத்தின் கீழே ஓடும் ஓடைக்கரையில் ஒரு மாணிக்கக் குழியைப் பார்க்க வந்திருந்தார். மேகம் திரண்டது. மேலேயிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. அவர் குழியை மறந்துவிட்டு அண்ணாந்து நின்றார். மழை விட்டபின் ஸ்டோருக்கு ஏறிவந்து அந்தக் குரல் யாருடையது என்று விசாரித்தார்.

"தங்கச்சி, நீங்க கூப்பிட்டா அந்தப் பேருக்குரிய ஆள் எழும்பி வந்தே தீரணும் போல ஈக்குது. எனக்குக் கூப்பிடணும் கொஞ்சப் பேர."

"ஆளுங்களா நானா?" என்றாள். முஸ்லிம் ஆண்களை அங்கே அண்ணன் முறையில் நானா என்றுதான் அழைப்பார்கள்.

"ஆளில்ல. கல்லு. வானத்துல இருந்து விழுந்த கல்லு."

விஷயம் இதுதான். நீலமும் புஷ்பராகமும் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம், விலை பேசி முடிந்தபின் மஹ்ரூப் ஒரு சின்ன உபரி கேட்பார்: உங்கள் நாட்டில் விழுந்த விண்கல்லில் ஒரு துணுக்கு. இப்படிப் பல வருடங்களில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது. போன வருடம் நகரசபை மண்டபத்தில் கண்காட்சி வைத்தார். ஸ்பீக்கர் செட்டோடு போய்ப் பெயர்களை அறிவித்தது கஜேந்திரன். வந்திருந்த இரண்டு வெளிநாட்டு வியாபாரிகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மஹ்ரூப் கஷ்டப்பட்டுச் சேர்த்த கற்களெல்லாம் அன்று விகடமாகிவிட்டன. இந்த வருடம் ஆகஸ்டில் மறுபடியும் வைக்கப்போகிறார்.

விஜயகலா ஒரே கேள்விதான் கேட்டாள். "மைக் தருவீங்களா?"

"பேரெல்லாம் வாயில ஒழுங்கா வந்தா மைக் உங்கட கையில. வராட்டி கஜேந்திரன்தான். வேற ஆள் எனக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவளும் ராமச்சந்திரனும் இரத்தினபுரிக்குப் போனார்கள். மாணிக்கம் வாங்க வந்தவர்களையெல்லாம் அந்தப் பெயர்களைச் சொல்லவைத்து மஹ்ரூப் ஒரு கேசட் பதிவு செய்து வைத்திருந்தார். போட்டால் ஒரே குழப்பம். மெக்ஸிகோவில் விழுந்த கல்லை ஒரு குரல் அலெண்டே என்றது. இன்னொரு குரல் அயெந்தே என்றது. ஸ்வீடன் கல்லின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் சிரித்தே முடித்தார்.

"இந்தக் கல்லுக்கெல்லாம் யாரு நானா பேரு வச்சாங்க?"

"தனியா வைக்கிறதில்ல. எந்த ஊர்ல விழுந்ததோ அந்த ஊர்ப் பேர்தான் கல்லுக்கும்."

விஜயகலா கொஞ்சம் யோசித்தாள். தோட்டத்து வாசல் பலகை அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அப்பன்னா அந்த ஊருக்காரங்க என்னான்னு சொல்றாங்களோ அதத்தானே கூப்பிடணும். மத்தவங்க சொல்றத எதுக்குக் கேக்கணும்? எங்க தோட்டத்தக் கிளென்ஆர்டன்னு கூப்பிட்டா நாய்கூடத் திரும்பிப் பாக்காது."

இது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. மஹ்ரூப்புக்கும் தெரிந்ததுதான், ஆனால் அப்படி ஒரு விதியாக எடுத்துக்கொண்டு கேசட்டைக் கேட்க அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்தந்த நாட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினார்கள். அயெந்தே நின்றது. ருஷ்யக் கல் ஸிகோத்தே அலீன் ஆனது, கடைசியில் அழுத்தத்தோடு. ஆர்ஜென்டினாக் கல்லுக்குக் காம்போ டெல் சியேலோ. வானத்து வயல் என்று அர்த்தமாம். நமீபியாக் கல்லுக்கு ஹோபா. அது மட்டும் பெட்டியில் இல்லை, படம்தான் இருந்தது. அறுபது டன் இரும்பு, ஒரு பண்ணை நிலத்தில் கண்டெடுத்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது, அசைக்க ஆளில்லை என்றார் மஹ்ரூப்.

எகிப்துக் கல்லில் வந்து சிக்கிக்கொண்டார்கள். கடுகளவு துணுக்கு அது. கேசட்டில் ஓர் இங்கிலாந்துக்காரர் நாக்லா, நாக்லா என்று தட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து மஹ்ரூப்பின் மனைவி ஸபியா அகப்பையோடு வெளியே வந்தாள். அவள் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிப்பவள். கணவரின் பெட்டியைக் கரிக்கட்டைப் பெட்டி என்றே அழைப்பவள்.

"இஞ்ச, அந்த மனுசன்ட வாய மூடுங்க. ஓதுற சொல்ல இப்படியா கொல்லுற? அது ஈச்சமரம். தொண்டையில இருந்து வரணும். செல்லுங்க தங்கச்சி."

விஜயகலா சொன்னாள்.

"அது நாக்குல வருது. உள்ளுக்கு இறங்குங்க. மீன்முள்ளு சிக்கின மாதிரி."

பலமுறை முள் சிக்கி, கடைசியில் அந்த ஒலி வந்தது. ராமச்சந்திரன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். ஸபியா அகப்பையை மேசையில் வைத்துவிட்டு முதல்முறையாகப் பெட்டிக்குள் குனிந்து, "எங்க அது, அந்த நஃக்லா?" என்று தேடினாள். அன்றைக்குப் பிறகு அவள் கரிக்கட்டை என்று சொல்லவில்லை.

கேசட்டின் ஒரு பிரதியோடு விஜயகலா தோட்டத்துக்குத் திரும்பினாள். லயத்துக் காம்பராவில், நாலு சுவருக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பெயர்கள் செத்துப்போனவைபோல விழுந்தன. அவளுக்குப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே ஒருநாள் காலை, வானம் துடைத்துவைத்ததுபோல வெளுத்திருந்தபோது, பாறையில் ஏறினாள். அவளுக்குத் தெரிந்த இழுவை ஒன்றுதான். அதிலேயே கூப்பிட்டாள்.

"ஹோ...பா...ஆ...ஆ..."

அடுத்த சரிவிலிருந்து கருப்பாயியின் குரல் வந்தது. "ஓ...!"

விஜயகலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆப்பிரிக்காவின் கல்லுக்குத் தன் மலை பதில் சொல்கிறது!

"அயெந்...தே...ஏ..."

"ஓ...!" இந்த முறை இரண்டு குரல்கள்.

பெயரின் அழகில் அவர்களும் மயங்கி விளையாடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். உற்சாகம் பொங்க, காம்போ டெல் சியேலோவை மூச்சு முட்டும்வரை இழுத்தாள். மலை முழுக்க ஓ, ஓ என்று எழுந்தது. கைகளை விரித்துக்கொண்டு நின்றவள் கீழே பார்த்தபோதுதான், வாளிகளைத் தூக்கிக்கொண்டு நாலு திசையிலிருந்தும் சனங்கள் ஸ்டோரை நோக்கி ஓடுவது தெரிந்தது.

கருப்பாயி பிறகு சொன்னது இது: "ஹோபான்னு யாரு இருக்கான்னு எனக்கென்னா தெரியும்? புதுசா யாரோ வேலைக்கு வந்திருக்கான்னு நெனச்சேன். அவனுக்கு மழ வந்தா எனக்கும் வருந்தானே?"

கொளுத்தும் வெயிலில் மொத்த மலையும் வந்து நிற்பதைப் பார்த்த ராமச்சந்திரன் வானத்தையும் பார்த்தான், அவர்களையும் பார்த்தான். "என்னா, இன்னைக்கு வெயிலுக்குப் பயந்து ஓடியாறீங்களா?"

சிரட்டைகள் பாதிகூட நிறையாத நேரம். பீல்ட் ஆபீசர் வாளிகளை எட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அரைப் பேர் என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர்; அரைநாளென்றால் அரைப் பேர். அடுத்தநாள் கஜேந்திரன் இரத்தினபுரிக்குப் போனார். "நானா, அவ கையில மைக்கக் குடுத்தீங்கன்னா ஒங்க கண்காட்சிக்கு வந்த சனம் பூரா குடையத் தேடிக்கிட்டு ஓடும்" என்று சொல்லிவிட்டு வந்தார். மஹ்ரூப், யோசிக்கிறேன் என்று சொன்னாராம்.

கஜேந்திரன் போய்வந்த அன்று சாயங்காலம், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விஜயகலா குடத்தோடு கடைசியில் நின்றாள். எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கருப்பாயிதான் ஆரம்பித்தாள். தோட்டத்தில் நீண்டநாள் பால் வெட்டியவள். ஓடியதில் வழுக்கி விழுந்து முழங்காலில் துணி சுற்றியிருந்தாள்.

"ஏன்டி, என் முட்டியப் பேத்த அந்த ஹோபா யாருடி?"

விஜயகலா அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். கல், இரும்பு, அறுபது டன், யாராலும் அசைக்க முடியாமல் ஒரு தோட்டத்தில் கிடக்கிறது.

"தோட்டத்துலயா?"

"ஆமாக்கா. பண்ணைன்னு சொன்னாரு."

"வந்து விழுந்த எடத்தவிட்டு எங்கயும் போக முடியாம கெடக்குதா?" கருப்பாயி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "அடியே, அப்ப அது நம்ம ஆளுடி!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பீலியடியே சிரித்தது. குடம் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் கருப்பாயி தீர்ப்புச் சொன்னாள். "எங்க அரைப் பேரு போனது போனதுதான். அதுக்குப் பதிலா அந்தக் கல்லுகள நாங்க பாக்கணும். எங்கள ஓடவச்ச பயலுக மூஞ்சி எப்படி இருக்குன்னு தெரியணும்ல?"

ராமச்சந்திரன் வழி சொன்னான். பால் நிறுத்து முடிந்தபின் மட்டும் பாறையில் ஏறிக் கூப்பிடுவது. மழைக்கூப்பாட்டோடு கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு கல்லுக்கும் பதில் சொல்ல ஓர் ஆள். ஹோபாவைக் கருப்பாயி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றக் கற்களும் வீடுவீடாகப் போயின. ஸ்வீடன் கல்லான முவோனியோனலுஸ்தாவை யாரும் எடுக்காததால் ராமச்சந்திரனே எடுத்துக்கொண்டான். "கட்டுன பொண்டாட்டிக்காக இவ்வளவு பெரிய கல்லத் தூக்குறேன், எல்லாரும் பாத்துக்குங்க" என்றான்.

ஒரு கல்லில்தான் தகராறு வந்தது. கேசட்டில் ஓர் ஆங்கிலக் குரல் அதைப் பார்னலீ என்றது. மதுரைப் பக்கத்தில் எப்போதோ விழுந்ததாம். மதுரைக்காரர் யாரும் கேசட்டில் பேசவில்லை. பார்னலீ, பார்னலீ என்று விஜயகலா சொல்லிக்கொண்டிருக்க, கருப்பாயி காதில் கையை வைத்துக் கேட்டாள்.

"மதுரப் பக்கத்துல அப்படி ஒரு ஊரா? வெள்ளக்காரி பேரு மாதிரில்ல இருக்கு. பெருநாழியா இருக்கப்போவுதுடி. எங்க ஆளுக அந்த ஊருதான். எங்க லயத்தயே பெருநாழி லயமுன்னுதான் அந்தக் காலத்துல சொல்லுவாங்க."

அதுவா, இதுவா என்று உறுதியாகச் சொல்ல அங்கே எவருமில்லை. மஹ்ரூப்பிடம் கேட்டபோது, இருக்கலாம், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பெயர்களைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடிதானே எழுதினார்கள் என்றார். சத்தியம் பண்ண அவரும் தயாரில்லை. தெரியாததைத் தெரியாதென்று வைத்துக்கொண்டு, இரண்டு பெயரையும் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

மஹ்ரூப் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆகஸ்டு பிறந்ததும் ஒருநாள் சொல்லாமல் தோட்டத்துக்கு வந்தார். பால் நிறுத்து முடிந்திருந்தது. கவிழ்த்துவைத்த ஒரு வாளியில் அவரை உட்காரவைத்தார்கள். மேலே விஜயகலா கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு சரிவிலிருந்து ஒவ்வொரு குரல் வந்தது. எகிப்துக் கல்லுக்கு அவள் தொண்டை இறங்கிய ஆழத்தைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்தபின் எழுந்து, சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, "லொறி அனுப்புறேன். பதில் செல்லுற ஆட்கள் எல்லாரும் வரணும்" என்றார். ராமச்சந்திரனிடம் மட்டும் மெதுவாக, "மைக் அவவுக்குத்தான்" என்றார்.

கண்காட்சியன்று நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் திருவிழாச் சேலையோடும் வேட்டியோடும் நடுவில் நின்றார்கள். கருப்பாயி நேராக ஹோபாவின் படத்தடிக்குப் போய், இடுப்பில் கைவைத்து ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள். போன வருடம் சிரித்த வியாபாரிகளில் ஒருவரும் வந்திருந்தார். ஸ்பீக்கர் செட் இந்த வருடமும் கஜேந்திரனுடையதுதான். சிவப்புத் துணி சுற்றிய மைக்கை அவர் விஜயகலாவிடம் நீட்டியபோது, முகத்தில் சைன்ஸின் மீதிருந்த நம்பிக்கை குறையவில்லை.

விஜயகலா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மூச்சை இழுத்தாள்.

"ஹோ..."

குழாய் ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து வீறிட்டன. முன்வரிசை காதைப் பொத்தியது. கஜேந்திரன் அம்பிளிபயரின் குமிழ்களையெல்லாம் திருகினார். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வீறிட்டது. அந்த வியாபாரியின் கை கைக்குட்டையை நோக்கிப் போனது. விஜயகலாவின் கண் கலங்கியது. கஜேந்திரன் சொன்ன சைன்ஸ் நிஜமா?

கஜேந்திரன் எழுந்து வந்தார். ஏதோ குத்தலாகச் சொல்லப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ மைக்கை வாங்கிக்கொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "இது தாங்காது புள்ள. கொற ஒன்மேல இல்ல, சாமான் சின்னது. நீ பாறையில நிக்கிற மாதிரியே நில்லு."

அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது எதிரே மண்டபத்துச் சுவர் இல்லை.

"ஹோ...பா...ஆ...ஆ..."

"ஓ...!" என்றாள் கருப்பாயி, கூட்டத்தின் நடுவிலிருந்து.

மண்டபம் திடுக்கிட்டுத் திரும்பியது. பிறகு சிரித்தது, கைதட்டியது. அயெந்தே வந்தது, அதற்கு ஓர் ஓ. ஸிகோத்தே அலீனுக்கு ஒன்று. நஃக்லாவைக் கூப்பிட்டபோது, யாரும் எதிர்பாராமல் பெண்கள் பக்கமிருந்து ஸபியாவே பதில் சொல்லிவிட்டு முக்காட்டால் சிரிப்பை மறைத்தாள். முவோனியோனலுஸ்தாவைத் தூக்கி முடித்த ராமச்சந்திரனுக்குத் தனிக் கைதட்டல். கடைசியில் பார்னலீ என்று ஒருமுறை கூப்பிட்டாள்; பேசிவைத்தபடி யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு, "பெருநா...ழீ...ஈ..." என்றாள். தோட்டத்திலிருந்து வந்திருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் ஓ என்றார்கள். அது மட்டும் பேசிவைத்ததல்ல.

கைக்குட்டை வெளியே வரவேயில்லை. பெயர்களை அவள் எந்தக் குறையுமில்லாமல் சொன்னாள் என்று சொல்ல முடியாது. ருஷ்யப் பெயரில் கொஞ்சம் மூணுபாலம் கலந்திருந்தது. ஆனால் கூப்பிட்ட எந்தக் கல்லும் அன்று பதிலில்லாமல் போகவில்லை.

அடுத்த சித்திரைத் திருவிழாவில் கஜேந்திரன் ஓர் ஆளை அனுப்பி அவளை மேடைக்கு அழைத்தார். மைக் ஒரு நீளமான கம்பியில், மேடை விளிம்பிலிருந்து எட்டத் தள்ளி நின்றது. "ஒனக்குன்னு தனியா செஞ்சேன். கிட்ட போயிராத" என்றார். விஜயகலா உபயகாரர் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். தன் பெயரைக் கேட்டு ஒவ்வொரு மனிதரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை.

பாதியில் அவள் கண் தற்செயலாக மலை உச்சிக்குப் போனது. பாறைக்கு மேலே வானம் கறுத்திருந்தது. கீழே பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருக்கிறது, அடுப்பில் பொங்கல் இருக்கிறது, கோயில் வாசலில் அந்தச் சொல்லைச் சொல்லவும் கூடாது. யாருடைய பெயரைக் கூப்பிடுவது? ஒருவரைக் கூப்பிட்டால் அவர் மட்டும்தானே ஓடுவார்.

அவள் மூச்சை நன்றாக இழுத்தாள்.

"ஹோ...பா...ஆ...ஆ..."

"ஓ...!" என்றது ஊர். சிரித்துக்கொண்டே பாய்களைச் சுருட்டினார்கள், பிள்ளைகளை அள்ளினார்கள், இரண்டு பேர் பொங்கல் அண்டாவைத் தூக்கினார்கள், கஜேந்திரன் அம்பிளிபயரைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். கடைசி ஆள் கோயில் மண்டபத்துக்குள் கால் வைத்தபின்தான் முதல் துளி விழுந்தது.